கையில் தெரிந்த நீலத் திட்டு

என் கணவருக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது. நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் செக்‌ஷனில் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குக் கீழே சுழலும் ரோலர்களில் எது சூடாகிறது என்று கேமராவில் பார்த்துச் சொல்ல வேண்டும். சூடான இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும். நீலமாக இருந்தால் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். அந்தக் கணக்கிலேயே ஊறிப்போன மனிதர்.

எனக்கு இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அதன்பின் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசி கூடாது என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது வலது கை ஒன்றுதான். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்து புண்ணாகிவிடும் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இடது கையைத் தூக்கவே முடியாத நிலையில் இதுவும் போனால், குவார்ட்டர்ஸில் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் இவரையல்லவா கூப்பிட வேண்டும்! அந்தக் கோபமும் பயமும்தான் என்னைத் தின்றன.

அந்த வார்டில், ஊசி போட்ட இடத்தின் சூட்டைப் படம்பிடிக்க ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தார்கள். ஒரு நாள், மருந்து ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில், எங்கள் மகள் வயதுள்ள நர்ஸ் அதை என் கைக்கு மேலே பிடித்தாள். நம்மவர் சும்மா இருப்பாரா? எட்டிப் பார்த்தார்.

"நல்லா நீலமா இருக்குது. நீ பேசாம தூங்கு" என்றார் என்னிடம், பெரிய நிபுணர் மாதிரி.

அதற்குள் அந்தப் பெண் மருந்தை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்தற? செவப்பே காணோமே?"

"சார், மருந்து உடம்பை விடக் குளிர்ச்சி. நரம்புல ஓடினா கோடு மாதிரி தெரியும். தோலுக்கு அடியில தேங்கினாதான் இப்படித் திட்டா நிக்கும். இங்க நீலம்தான் சார் ஆபத்து."

எனக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கசிந்த மருந்தில் எடுக்க முடிந்ததை அவள் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தாள். டாக்டர் ஓடி வந்து பார்த்து, கசிவுதான் என்றார். ஒத்தடம் கொடுத்தார்கள். எதிலும் விட்டுக்கொடுக்காத என் வீட்டுக்காரர் சுவரோரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார்.

அடுத்த முறை போனபோது கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அந்தப் பெண் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். திடீரென்று இவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பெல்ட்ட நிறுத்தறதுன்னா நாங்க பத்து பேருக்குப் போன் போடுவோம்மா. நீ யாரையும் கேக்கல, பட்டுனு நிறுத்திட்ட."

"ஐயோ, என்ன சார் இது! என் வேலைதானே!"

"இந்தக் கையாலதாம்மா இத்தன வருசமா சாப்புட்டுகினு இருக்கறன்" என்றார். என் வலது கையைத்தான் காட்டினார்.

குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னவரில்லை. யாரோ ஒரு பெண்ணிடம் போய் இதைச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைய மருந்துக்கு, பயமில்லாமல், கையை நீட்டினேன்.