மேட் எங்கே இருக்கு மிஸ்?

"செஸ் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றதும், "சந்தோசம், அதுபோக என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்கப்படுகிற தொழில் என்னுடையது. சின்னமனூரில் ஓர் உரக்கடை மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் தேனி, போடி என்று பஸ் ஏறிப் போய் வீட்டு வகுப்பு. ஒரு தாளில் பத்துப் படம் போட்டு, 'வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்' என்று மேலே எழுதிக் கொடுப்பேன். ராஜாவுக்குச் செக் விழ வேண்டும், தப்பிக்க ஒரு வழியும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் இதைக் 'கணக்கு' என்பார்கள். இதே பிழைப்பில் மாட்டியிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கணக்கு சுலபம், அதைப் போடுகிற ஆட்கள்தான் கஷ்டம்.

சுற்றம் சூழ

அன்றைக்குக் குதிரையால் மேட் வைக்கிற கணக்கு. கருப்பு ராஜா மூலையில் இருக்கிறார். அவருக்கு ஒட்டினாற்போல் நம் ராணியைக் கொண்டுபோய் வெட்டுக்குக் கொடுக்க வேண்டும். அவருடைய கோட்டை வந்து ராணியை வெட்டும். இப்போது ராஜாவைச் சுற்றி அவர் ஆட்களே அடைத்து நிற்பார்கள். நம் குதிரை ஒரே தாவு, மேட். யாழினி என்கிற பத்து வயதுப் பெண் ராணியைக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கால் மணி நேரம் கெஞ்சிப் பார்த்தேன், விடவில்லை.

அவளை அழைத்துப் போக மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த அவள் அப்பா, வாழை விவசாயி, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு எடுத்துச் சொல்வார் என்று பலகையை அவருக்குக் காட்டி முழுதாக விளக்கினேன். மனிதர் குனிந்து அந்த மூலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். "எதிரி ஒத்தக் குதிரைதான் மிஸ். அந்த மனுசன அமுக்குனது பூராம் சொந்தக்காரக."

கடைசி வரிசை

வருடத்துக்கு ஒரு முறை நானும் போட்டியில் ஆடுவேன். தேனியில் ஒரு மண்டபம். எதிரில் ரிட்டையர்டு கண்டக்டர் ஒருவர். என் மாணவர்கள் ஆறு பேர் முதுகுக்குப் பின்னால் வரிசைகட்டி நின்றார்கள். ஆட்டம் என் பக்கம்தான் இருந்தது. ஒரு சிப்பாய் இலவசமாக நிற்கிறதே என்று, ராஜாவுக்குக் காவலாக இருந்த கோட்டையை எடுத்துப்போய் வெட்டினேன்.

கண்டக்டர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் நின்ற ஆறு பேரையும் பார்த்தார். அவருக்கே சங்கடமாகிவிட்டது. தயங்கித் தயங்கித் தன் கோட்டையை என் கடைசி வரிசைக்கு இறக்கினார். என் ராஜா தன்னுடைய மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் ஒதுங்க இடமில்லாமல் நின்றார். நான் கை கொடுத்து எழுந்தபோது, பின்னாலிருந்து மரியாதையான குரலில் ஒருத்தி: "மிஸ், இது நீங்க போன சனிக்கிழமை குடுத்த தாள்ல மொதக் கணக்கு."

கடைசி நாற்காலி

மகன் வகுப்பு முடிகிற வரை கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் செல்வி. தையல் வேலை செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாவது கணக்கு யாருக்கும் வரவில்லை. "நல்லாப் பாருங்க, கண்ணு முன்னாடியே இருக்கு" என்று ஒரு மணி நேரம் பிள்ளைகளை விரட்டினேன். இரண்டு பேர் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். செல்வி எழுந்து வந்து, "எனக்கு ஆட்டம் தெரியாதுங்க" என்றபடி தாளில் ஒரு கட்டத்தைத் தொட்டார். "ராஜா இங்கன ஒதுங்கிக்கிருவாருல்ல?" ஆமாம். அந்தக் கட்டத்தைக் காக்க வேண்டிய வெள்ளைச் சிப்பாயை நான் தாளில் போட மறந்திருந்தேன். மேட்டே கிடையாது.

இரண்டு மாதம் கழித்துப் பையன் நின்றுவிட்டான். ஒரு ஆள் போச்சு என்று பெயரை அடித்தேன். அடுத்த சனிக்கிழமை செல்வி மட்டும் வாசலில் நின்றார். கையில் ஒரு நோட்டு. அதில் அதுவரை நான் கொடுத்த கணக்குகள் அத்தனையையும் கட்டம் கட்டி வரைந்து, பாதிக்கு மேல் விடையும் எழுதியிருந்தார். "அவன் புட்பாலுக்குப் போயிட்டான் மிஸ். அவன் நாற்காலி சும்மாதான கெடக்கு, நான் உக்காரவா?"

தப்புன்னா தப்பு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மத்தியான வேளைகளில் கடையில் செஸ் ஆடியவர். இப்போது யார் முகத்தையும் பார்க்காமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை காலைகளில் போனேன். முதல் வாரம் இடது கையால் காய்களைத் தரையில் தள்ளிவிட்டார். இரண்டாம் வாரம் தள்ளவில்லை. மூன்றாம் வாரம், ஒரே நகர்த்தலில் மேட் ஆகிற ஒரு கணக்கை வைத்தேன்.

இடது கையால் ராணியை நகர்த்தினார். தப்பு. ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நழுவிவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. "சூப்பர் ஐயா, மேட்!" என்று கைதட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு கருப்பு ராஜாவை எடுத்து, அது தப்பிக்கிற கட்டத்தில் டொக்கென்று வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளையிடம்கூட நான் இப்படிப் பொய் சொன்னதில்லை.

"தப்புத்தான் ஐயா. நான் சொன்னதும் தப்புத்தான்" என்று காய்களைப் பழையபடி அடுக்கினேன். அவர் திரும்ப வெகுநேரமாயிற்று. எனக்கு வைத்த காபி ஆறிப்போனது. கடைசியில் அந்தக் கை ராணியைத் தாண்டிப் போய்க் குதிரையைத் தொட்டது. மேட். அவரே கருப்பு ராஜாவைப் படுக்க வைத்தார், உதட்டில் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது. நான் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அந்த அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "வாறவுக எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்லிட்டுப் போறாக டீச்சர். நீங்களாச்சும் தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, அதுக்காகத்தான் கூப்புட்டேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ராஜாக்களை மடக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், ஒவ்வொரு வகுப்பிலும் நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டு நிற்பதென்னவோ நான்தான்.