ஒரு சொல்லுக்கு மூன்று வாரம்

ஆங்கிலத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்த சொல் ஒன்று உண்டு: ரன். ஆயிரம் வருடத்துக்கும் பழையது. ஓடுவதும் ரன், கிரிக்கெட்டில் எடுப்பதும் ரன். கடை நடத்தினாலும், மூக்கு வடிந்தாலும், துணியில் சாயம் போனாலும் ரன்தான். தேர்தலில் நாம் நிற்கிறோம். அமெரிக்கர்கள் அதற்கும் ஓடுகிறார்கள். என் தடித்த அகராதியில் இந்த ஒரு சொல்லே பக்கம் பக்கமாகப் போகும். பென்ஷன் எடுத்த ஆங்கில ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்?

புளியந்தீவில் என் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பழுகாமத்திலிருந்து ஒருத்தி பஸ் பிடித்து வந்தாள். புருஷன் விட்டுப்போக, இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஒரு மாதத்தில் நேர்முகப் பரீட்சை. அது கிடைத்தால் தினமும் வேலை முடிந்து பிள்ளைகளிடம் வரலாம். கிடைக்காவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டும். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரர் கையில்.

"டீச்சர், ஹோட்டலுக்கு வாற ஆக்கள் என்ன கேப்பாங்க, நான் என்ன சொல்லோணும், அத மட்டும் பழக்கி விடுங்க," என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கிளிப்பிள்ளைப் பாடம் என்னட்ட இல்ல புள்ள. ஒரு சொல்ல அடியில இருந்து படிச்சா மற்றதெல்லாம் தானா வரும்," என்றேன்.

எங்கே வந்தது? முதல் வகுப்பிலேயே ரன்னைத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வசனம் என்று கொப்பியில் எழுதவைத்தேன். அவளும் கெட்டிக்காரி, நாற்பது வசனம் எழுதினாள். நான் பூரித்துப்போனேன். மூன்று வாரம் அதிலேயே கழிந்தது. "டீச்சர், இன்டவியூவுக்கு ஏதும்..." என்று அவள் இழுத்தபோது, பதறாதே என்று இன்னொரு பட்டியலைக் கொடுத்தேன்.

நேர்முகப் பரீட்சையில் முதலில் கேட்டது, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான். பேரைச் சொன்னாளாம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லையாம். அடுத்த நாள் ஒரு பை கச்சான் கடலையோடு வந்து என்னிடம் சொன்னாள்.

"உங்கள்ல பிழ இல்ல டீச்சர். எனக்குத்தான் பயம்."

பிழை என்னில்தான். எனக்குப் பிடித்ததைப் படிப்பித்தேன், அவளுக்கு வேண்டியதை அல்ல. அதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. "பறவாயில்ல புள்ள" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த மாதமே குவைத்துக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் அவளுடைய அக்கா வீட்டில். வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் எனக்குப் பேசி அனுப்புவாள். அந்த வீட்டில் ஆங்கிலம் ஒருவருக்கும் தெரியாதாம், அரபுதானாம்.

போன வெள்ளியும் அனுப்பினாள். "டீச்சர், மூத்தவள் இப்ப ஒன்பதாம் ஆண்டு. இங்கிலீஷ் கிளாசுக்கு விடச் சொல்லி அக்காட்டச் சொல்லியிருக்கன்." பிறகு, "வேற இடத்தில டீச்சர். கோவிக்காதீங்க," என்றாள்.

கோபம் வரவில்லை, வலித்தது. எந்த இடம் என்று கேட்டேன், சொன்னாள். எனக்குத் தெரிந்த இடம்தான். முதல் நாளிலிருந்தே பிள்ளைகளை வாய் திறந்து பேசவைப்பார்கள்.

"அங்கேயே விடு புள்ள," என்று பதில் அனுப்பினேன்.