முப்பதாண்டுப் போரும் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபமும்

பிரியமானவர்களே, தீராத வியாதி தீர்ந்த சாட்சிகளையும், கடலில் கவிழ்ந்த படகிலிருந்து பிழைத்து வந்தவர்களின் சாட்சிகளையும் கேட்டு நானும் கண் கலங்கியிருக்கிறேன். என்னுடையது அப்படிப்பட்டதல்ல. என் மகளுக்கு ஐரோப்பிய வரலாற்றில் ஒரு பரீட்சை. சிரிக்காதீர்கள். அந்தப் பரீட்சை என் பிள்ளையைப் பாதி உடம்பாக்கிவிட்டது.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்த கம்பெனியைப் போன வருஷம் ஜனவரியில் மூடிவிட்டார்கள். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அவருடைய ஊரான விக்கிரமசிங்கபுரத்துக்கே வந்துவிட்டோம். மகள் ஷைனி மஸ்கட்டில் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மீதிப் படிப்பை வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் பெரிய மனசு பண்ணினார்கள். ஆனால் மே மாதம் சென்னைக்குப் போய் ஐரோப்பிய வரலாற்றுத் தேர்வை எழுதியாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கிற பரீட்சைதான், ஆனால் பாடம் கல்லூரிப் பாடம். ஐந்துக்கு மூன்று வாங்கினால் பெங்களூரில் ஒரு கல்லூரி இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. தவறினால் அடுத்த மே மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

"இன்னொரு வருஷம் இந்தப் புத்தகத்தோட இருக்க என்னால முடியாதும்மா. படிப்பே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் ஷைனி.

புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. வாசிப்பாள், அழுவாள், மூடி வைப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. தோழிகளெல்லாம் மஸ்கட்டில், இங்கே பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைக்குமா என்று நான் அம்பாசமுத்திரம், தென்காசி, திருநெல்வேலி என்று அலைந்தேன். ஒரு டியூஷன் சென்டரில், "நீட்டுக்குன்னா சொல்லுங்கம்மா, நாளைக்கே சேத்துக்கிடுதோம். ஐரோப்பா எதுக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவரோடு சண்டை போட்டேன். "ஒரு வாத்தியாரை அனுப்பும். இங்கிலீஷ் தெரிந்தவராக அனுப்பும். பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது" என்று மளிகைக்கடையில் சொல்வது போல் சொன்னேன். யாரும் வரவில்லை. அந்த நாட்களில் நான் நிஜமாகவே சோர்ந்துபோனேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். நூல் மில்லில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் வருவார்கள். நடத்துவது ரூத் அக்கா. எங்களைப் போல் புராட்டஸ்டண்ட் சபைதான், குரல் மட்டும் தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டு மேரி அக்காவும் வருவார்கள். அவர்கள் கத்தோலிக்கர். ஆறு கடலில் சேருகிற புன்னக்காயலில் பிறந்து, ஆறு மலையிறங்குகிற எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். "ஜெபத்துல என்ன உங்கது எங்கது?" என்று சொல்லிக்கொண்டு பாயில் முதல் ஆளாக உட்காருவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, "மகளுக்குப் பரீட்சை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னேன். ரூத் அக்கா விடவில்லை.

"என்ன பரீட்சை? எதுல கஷ்டம்? வெவரம் தெரியாம மொட்டையா எப்படிட்டி ஜெபிக்க? பிள்ளய வரச்சொல்லு."

ஷைனி உம்மென்று வந்து நின்றாள். பிரான்சில் ரொட்டி கிடைக்காமல் பெண்கள் கூட்டமாக அரண்மனைக்கு நடந்து போனதை வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். மேரி அக்கா மறித்தார்கள்.

"மாவே இல்லையா, மாவு இருந்து வெல கூடிப்போச்சா?"

ஷைனிக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து, விளைச்சலும் குறைவு, விலையும் கூடிவிட்டது என்று சொன்னாள். உடனே ரூத் அக்கா கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே, அந்தப் பிரான்சு தேசத்துப் பொம்பளைகளுக்கு ஒரு வழியக் காட்டும். அந்த ராஜாவுக்கு நல்ல புத்தியக் கொடும்."

"பெரியம்மா, அவங்கெல்லாம் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள் ஷைனி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு என் பிள்ளை சிரித்தது அன்றைக்குத்தான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் எது மனதில் நிற்கவில்லையோ அதுதான் விண்ணப்பம். அவள் சொல்வாள், இவர்கள் குறுக்கே கேட்பார்கள், அவள் பதில் தேடுவாள். முப்பதாண்டுப் போர் வந்த அன்றுதான் வினை வந்தது.

பிராகா நகரத்தில் அதிகாரிகளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்து அந்தப் போர் தொடங்கியது என்றாள் ஷைனி.

"யாரு யாரத் தூக்கிப் போட்டாவ?" என்று கேட்டார்கள் மேரி அக்கா.

"நம்ம புராட்டஸ்டண்ட் ஆளுங்க, கத்தோலிக்க அதிகாரிகள."

"நல்லா இருக்கே!"

"அதுக்கு முன்ன உங்க ஆளுக எங்க கோயில இடிச்சதச் சொல்லும்மா" என்றார்கள் ரூத் அக்கா. சும்மா ஒரு ஊகம்தான், ஆனால் அது புத்தகத்திலும் இருந்தது. நான் காபியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. பிரான்சு ராஜா கத்தோலிக்கராக இருந்தும் புராட்டஸ்டண்ட் பக்கம் நின்றார் என்று ஷைனி சொன்னதும் மேரி அக்கா எழுந்துவிட்டார்கள்.

"எங்க ராஜா எதுக்கு உங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு சண்ட போடுதாரு? பிள்ளைக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காவ. இனி நான் இங்கன வரல."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷைனியோ, "அவங்க கேட்டதுக்கு எனக்கே பதில் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. இந்த முறை அது துக்கத்தில் அல்ல. மறுநாள் சாயங்காலம் அவளே மேரி அக்கா வீட்டுக்குப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. எதிர்ப்பக்கம் நின்ற கத்தோலிக்கச் சக்கரவர்த்தியின் குடும்பம் பிரான்சுக்கு இரண்டு பக்கமும் ஆண்டது, எங்கே தன் நாட்டை நெருக்கிவிடுவார்களோ என்று ராஜா பயந்தார், மதத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"அப்போ சாமி பேரச் சொல்லிக்கிட்டு எடத்துக்குத்தான் அடிச்சிருக்காவ" என்றார்கள் மேரி அக்கா. "பைய சொல்லு, மறுபடியும் முதல்ல இருந்து சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை மேரி அக்கா வந்தார்கள். "உங்க ராஜா எங்களுக்கு ஒத்தாச செஞ்சிருக்காரு, நீ என்னன்னா கோவிச்சுக்கிட்டுப் போற" என்று ரூத் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் ஜெபம் தொடங்கவே நேரமாகிவிட்டது.

மே மாதம் சென்னையில் பரீட்சை. நான் வெளியே வெயிலில் நின்று ஜெபித்தேன், ஊரில் இவர்கள் உபவாசம். ஷைனி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். படித்துப் படித்துப் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அம்மா, முப்பதாண்டுப் போர் வந்துச்சு! மதச் சண்டையா, அதிகாரச் சண்டையான்னு கேட்டிருந்தாங்க. நம்ம வீட்டுல நடந்தத அப்படியே எழுதிட்டேன், பேர மட்டும் மாத்தி."

ஜூலையில் முடிவு வந்தது. ஐந்துக்கு நான்கு! தெருவில் நின்றே ஸ்தோத்திரம் சொன்னேன். "மிச்சம் ஒண்ண எவன் எடுத்துக்கிட்டான்?" என்று மேரி அக்கா சண்டைக்கே கிளம்பிவிட்டார்கள். படிப்பே வேண்டாம் என்றவள் இன்று பெங்களூரில் வரலாற்றையே எடுத்துப் படிக்கிறாள்.

நான் வாத்தியாரைக் கேட்டு அழுத நாளெல்லாம், ஆண்டவர் அனுப்பியவர்கள் என் வீட்டுப் பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது நான் அவருக்கு இப்படிச் செய்யும், அப்படிச் செய்யும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை. என் பிள்ளையின் சிரிப்பைத் திருப்பித் தந்தவருக்கு உயிருள்ளவரை நன்றி சொல்வேன்.

உங்களுக்கும் ஒரு பாரம் இருக்கும். இவர்களிடம் சொன்னால் என்ன புரியப்போகிறது என்று உள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். நாலு பேர் நடுவில் இன்ன கஷ்டம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், ஆண்டவர் கேட்கிறார். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மேரி அக்கா கேள்வி கேட்பார்கள், அதற்கு மட்டும் தயாராக வந்தால் போதும்.