மோந்து பார்த்த மீன்

மணலி புதுநகருக்குப் பக்கத்து ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மீன் மாட்டியதும் செவுளைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோவோம். பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டுவோம். அவனும் மோந்து பார்த்து, "கெரசின் வாசன இல்ல மாமு, எத்துகினு போ" என்றால்தான் மீன் வீட்டுக்கு. ஒருத்தன் முகம் சுளித்தாலும் திரும்பத் தண்ணீருக்குத்தான்.

ஏரியின் வடக்கு மூலையில் ஒரு குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதிலிருந்து என்ன வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டபோது ஓர் அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். ஆனால் கரையில் புதிதாக ஒரு பலகை முளைத்தது. ஏரியை நாம் அசுத்தம் செய்யக் கூடாதாம். நாமாம். மண்புழுவும் மைதா உருண்டையும் கொண்டுவருகிற நாங்கள்.

வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். கோயம்புத்தூரில் வாக்கப்பட்டவள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று சம்பந்தியிடம் வாதாடி ஜெயித்த திமிரில் இருந்தேன். அவளைப் பார்க்க மாப்பிள்ளை வந்த ஞாயிற்றுக்கிழமை, உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி மீன்களாகவே மாட்டின. கரையில் இருந்த அத்தனை பேரும் மோந்து பார்த்துச் சரி என்றார்கள். மனைவியும் மீனை அலசும்போது ஒரு முறை மோந்துவிட்டுத்தான் புளி கரைத்தாள். அந்தக் குழம்புக்காகச் சின்ன வயதில் தட்டோடு அடுப்படியிலேயே நின்றவள் என் மகள்.

சோற்றில் குழம்பு விழுந்ததும் அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாமா, கெரசின் வாசன அடிக்குது?"

"புள்ளத்தாச்சிக்கு எதக் கண்டாலும் அப்டித்தான் கீது" என்றாள் மனைவி.

பின்பக்கம் கை கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த மாப்பிள்ளை இதைக் கேட்கவில்லை. மூக்கைச் சற்றே உயர்த்தியவர், பாவம், மரியாதையாகத்தான் கேட்டார்.

"பக்கத்துல மெக்கானிக் கடை ஏதாவது இருக்குதுங்களா மாமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றாலே கலீஜ்தான் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் என் தோஸ்து இருக்கிறான், ஏரிக்கரையிலும் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். அவனைக் கூப்பிட்டுச் சட்டியை மூக்கருகே நீட்டினேன். கையில் வாங்கி நன்றாக இழுத்து மோந்தான்.

"சோக்கா கீது நைனா. இதுக்கு இன்னா கொறச்சல்?"

ஜெயித்துவிட்டவனைப்போல மகளைப் பார்த்தேன்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாதுப்பா" என்றாள். அவளுக்குக் கோபமே இல்லை. "கண்ணாலம் ஆவுற வரிக்கும் நானும் இதத்தான் துன்னேன். எனக்கும் தெரியல. இப்ப அந்த ஊர்ல இர்ந்துட்டு வந்தா கொழா தண்ணி, தலகாணி, எல்லாத்துலயும் அடிக்குது."

தோஸ்து சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் குனிந்து மறுபடி மோந்தேன். புளி தெரிந்தது, பூண்டு தெரிந்தது, வெந்தயம்கூடத் தெரிந்தது. கெரசின் மட்டும் தெரியவில்லை. இத்தனை காலமும் ஒரே காற்றைக் குடித்து வளர்ந்த மூக்குகள் கரையில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

எனக்கு வெறி பிடித்தது. ஏரியைக் கெடுத்தார்கள், திட்டினேன். காற்றைக் கெடுத்தார்கள், அதற்கும் திட்டினேன். என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அது எனக்கே தெரியவில்லை. அந்தக் குழாயைப் பதித்தவன் வீட்டுக்குப் போய் இந்தச் சட்டியை அவன் சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டும்போல் இருந்தது. அவன் யார், வீடு எங்கே, எதுவும் தெரியாது. குழம்பைக் கால்வாயில் கொட்டினேன். அதுவும் ஏரிக்குத்தான் போகும்.

பிரசவம் கோயம்புத்தூரிலேயே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி அழுதாள். அவ்வளவு வாதாடிய நானே டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிடப் போனோம். சன்னல் கம்பிக்கு உள்ளிருந்து மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொயந்த பொறந்ததும் தூக்கினு வர்றேன்பா."

"வோணாம்மா" என்றேன். "நாங்களே வந்து பாக்குறோம்."