ஏழு வினாடி

இது கட்டுக்கதை இல்லை. டிசம்பர் 12, மாலை 6:52. முதலியார்பேட்டையில் நான் பராமரிக்கும் சிக்னல் ஒன்றில் எனக்கே நடந்தது. எந்தச் சிக்னல் என்று சொன்னால் நீங்கள் அங்கே நடக்கமாட்டீர்கள்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். நடப்பவருக்கும் இடதுபக்கம் திரும்பும் வண்டிக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்தால், இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். அதனால் நடப்பவருக்கு மட்டும் ஏழு வினாடி முன்னதாகப் பச்சை கொடுப்போம். வண்டி நகர்வதற்குள் அவர் பாதிச் சாலையில் இருப்பார். ஓட்டுநர் கண்ணில் நன்றாகப் படுவார். அழகான ஏற்பாடு. ஆனால் வண்டிகள் தேங்குவதாகப் புகார் வந்தது. நவம்பரில் அந்த ஏழு வினாடியைப் பூஜ்யமாக்கச் சொன்னார்கள். மாற்றியது நான்தான்.

அன்று விளக்கு ஒன்றை மாற்றிவிட்டு, சாலை நடுவே கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் முக்கோணத் திட்டில் நின்றேன். தூறல். பக்கத்தில் ஒரு பெண். நீலச் சீருடை, சாப்பாட்டுப் பை.

பச்சை விழுந்தது. சாலையில் காலை வைத்தேன். வெள்ளை மினி லாரி ஒன்று உரசுவதுபோல் திரும்பியது. திட்டுக்கே பின்வாங்கினேன்.

தொண்ணூறு வினாடி கழித்து மறுபடி பச்சை. அதே லாரி.

மூன்றாவது முறையும்... அதே.

திட்டின் பின்பக்கமாக இறங்கப் பார்த்தேன். அங்கேயும் அதே லாரி.

கூட வேலை செய்யும் விஜயை அழைத்தேன். "பைக்க எடுத்துக்கினு வாடா. திட்டுல மாட்டிக்கினேன்."

"இன்னாண்ணா, ரோடு தாண்டத் தெரியலயா? சிக்னல்காரருக்கே சிக்னலா?" சிரித்தான். "எதிர்லதான் டீ குடிக்கிறேன். ரோடே காலியா கெடக்குது... நீ எங்க இருக்க? திட்டுல யாரும் இல்லயே?"

இணைப்பு அறுந்தது.

7:13. பதினான்கு சுற்று.

டிக்... டிக்... இண்டிகேட்டர் சத்தம். எஞ்சின் சத்தமே இல்லை.

தூறலில் நான் தொப்பலாக நனைந்திருந்தேன். அவள் நனையவில்லை.

"அண்ணா... அந்த ஏழு செகண்ட குடுத்துடுங்க."

அவளுக்கு எப்படித் தெரியும்?

பெட்டியைத் திறந்தேன். ஏழு வைத்தேன்.

பச்சை.

லாரி நின்றது.

அவள் நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

எதிர்ப்பக்கம் ஏறியது நான் மட்டும்.

மறுநாள் விபத்துப் பதிவுகளைத் தேடினேன். அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் இறந்ததே இல்லை. ஒருவர்கூட. பிரமை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுபடி புகார் வந்தது. பதினாறாம் தேதி மறுபடி பூஜ்யம் வைத்தேன்.

இருபதாம் தேதி காலை, சிக்னல் கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. அதே முகம். ஆதிலட்சுமி. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை முடித்துத் திரும்பும்போது, இங்கே சாலையைத் தாண்டுகையில் மினி லாரி மோதியதாக டீக்கடையில் சொன்னார்கள்.

மறைவு: 19.12.

நான் அவளோடு நின்ற அன்று, அவள் உயிரோடுதான் இருந்தாள்.