காய்ச்சல் வராத பிள்ளை

"கையக் காட்டு. திருப்பு. ம்ம்... ஜெராம் கடக்கரை மீனு. போ, கழுவிட்டு வா."

தாயம்மா மிஸ்ஸி தொழிலாளர் லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால், உள்ளே பிறந்திருக்கும் பிள்ளையை யாரும் சும்மா எட்டிப் பார்த்துவிட முடியாது. கையை முகர்ந்து பார்த்துத்தான் அனுப்புவார். சிவப்புச் சவுக்காரம் ஒரு கட்டி எப்போதும் கைப்பையில் இருக்கும். போன வருடம், எண்பத்து நான்கில், பெரிய கிராணியே இரண்டு தடவை கழுவ வேண்டியதாயிற்று. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் அந்தப் பெரிய கிராணி நான்தான்.

கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கில் மிஸ்ஸி இருபது வருடமாக நர்ஸாக இருந்து பிரசவம் பார்க்கிறார். குட்டை உருவம், காதிடுக்கில் பென்சில். மாதம் ஒருமுறை வரும் டாக்டரைக் கேள்வி கேட்டே களைக்க வைப்பார். டாக்டர் தப்பித்துக் காரில் ஏறினால் இவரும் ஏறி, பெரிய ரோடு வரை போய், நடந்தே திரும்புவார். அப்படிக் கறந்த பாடத்தைத்தான் எங்களுக்கு எடுத்துவிடுவார்.

"ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல, அதான் கிருமியோட சண்ட போடுற ஆளு. நமக்குன்னா கூட்டம் கூடி, கத்தி, ஒடம்பையே சூடாக்கிடும். பச்சப்புள்ளைக்கும் அந்த ஆளுங்க இருக்காங்க லா, ஆனா அடக்கி வெச்சிருக்கு. பாலு, காத்து, நம்ம கை, எல்லாமே அதுக்குப் புதுசு. எல்லாத்துக்கும் பாஞ்சா புள்ள ஒடம்பு தாங்குமா? அதனால நெசமாவே கிருமி நொழஞ்சாலும் சில நேரம் சத்தமே வராது."

நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் உமாபதி அடக்கவில்லை.

அவருக்குப் பிள்ளை பிறந்து அன்று ஆறாம் நாள். "தங்கமான புள்ள, அழுவுறதே இல்ல" என்று லயம் முழுக்கப் பெருமை. மிஸ்ஸி தூக்கிப் பார்த்தார். பாதம் சில்லென்றிருந்தது. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை என்று தாய் புஷ்பவள்ளி மெதுவாகச் சொன்னாள்.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

"காய்ச்சலே இல்லியே மிஸ்ஸி!" உமாபதி மிஸ்ஸியின் தெர்மாமீட்டரையே சாட்சிக்கு நீட்டினார். "முப்பது நாள் கழியாம பச்ச ஒடம்புக்காரிய வாசப்படி தாண்ட விடமாட்டேன்."

"காய்ச்சல் இல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு."

மண்டோர் அசையவில்லை. மிஸ்ஸி அதற்கு மேல் வாதாடாமல் பிள்ளையைத் தாயின் மடியில் வைத்தார். "ஐயோ, நெஞ்சு!" என்று சுருண்டு விழுந்தார்.

உமாபதி அலறிக்கொண்டு ஓடித் தோட்டத்து லோரியைக் கொண்டுவந்தார். ஏற்றிவிட்ட பிறகும் மிஸ்ஸி புஷ்பவள்ளியின் கையை விடவில்லை. "நீயும் வா தாயி. ஒன் கையப் புடிச்சுக்கிட்டே போயிடுறேன்." சாகப்போகிறவரின் கடைசி ஆசைக்குக் குறுக்கே நிற்க எந்த மண்டோருக்குத் துணிவு வரும்? தாய் ஏறினால் பிள்ளையும் ஏறத்தானே வேண்டும்!

நானும் உமாபதியும் பின்னால் தட்டில் ஏறி நின்றுகொண்டோம். சாகப்போகிறவர் வழியெல்லாம் டிரைவரை, "வேகமா ஓட்டு லா!" என்று விரட்டினார். கண்ணாடி வழியே பார்த்தேன். பிள்ளையைத் தாயின் மார்போடு ஒட்டவைத்துச் சேலையால் இறுக்கிப் போர்த்தியிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நெஞ்சு வலி நின்றுவிட்டது. பிள்ளையை வாங்கிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில்தான் உமாபதிக்கு விஷயம் புரிந்தது. "ஏமாத்திட்டாங்க கிராணி" என்று பொரிந்து தள்ளினார். டாக்டர் வந்து, ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கும் போலிருக்கிறது, நாளை வந்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றதும் உமாபதி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் ஊசி ஏறியும் பிள்ளை துணி மாதிரிக் கிடந்தது. மிஸ்ஸி பக்கத்திலேயே கிடந்தார். மூன்றாம் நாள் காலை நான் போனபோது நர்ஸ் அடுத்த ஊசியைக் குத்தினாள். வார்டே அதிர வீறிட்டது பிள்ளை.

உமாபதி பதறிப்போனார். "ஐயோ, வலிக்குது போல மிஸ்ஸி, நிப்பாட்டச் சொல்லுங்க, புள்ள அழு..."

தோட்டமே பயப்படும் அந்த மண்டோரின் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திவிட்டு, தாயம்மா மிஸ்ஸி கண்ணை மூடி அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.