மிஸ் வெர்னாவின் இடது கை

காபி மெஷினில் உப்பு படிந்துவிட்டதென்று போன சனிக்கிழமை வினிகர் ஊற்றி ஓடவிட்டேன். ஆவி கிளம்பியதுமே மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, திஸ் இஸ் ஸோ கிராஸ்!" என்று மாடிக்கு ஓடிவிட்டாள். எனக்கோ அது வேலை வாசனை. நர்சாக டெக்சாஸுக்கு வந்த புதிதில், இர்விங்கில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் இருந்தேன். மெஷின்களை வினிகர் விட்டுத்தான் கழுவுவோம். வீட்டில் ரசம் வைத்தால் ரசத்திலும் அந்த வாடை அடிக்கும். என் ரசம் சுமாராக இருப்பதற்கு இன்றுவரை அதைத்தான் காரணம் சொல்கிறேன்.

அந்த வாடையோடு மிஸ் வெர்னாவும் வந்துவிடுவார். எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. எல்லோரும் அவருக்கு "பேபி"தான். ஒருநாள் ஊசி குத்தும்போது, "பேபி, நான் ஒரு காலத்துல ஸ்டார், தெரியுமா?" என்றார். சிறுநீரகம் கெட்டால் சிலருக்குப் புத்தி தடுமாறும். அப்படித்தான் நினைத்தேன். கூட வந்திருந்த அவர் மகள் டெனிஸ்தான், "நிஜமாத்தான் சொல்றாங்க" என்றாள்.

அவர் பியானோவில் வாசித்தது ரிதம் அண்ட் புளூஸாம், கறுப்பர்களின் துள்ளல் இசை. அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன். நானறிந்த பியானோ, சினிமாவில் காதல் தோற்றவர்கள் போய் உட்காரும் பியானோ மட்டும்தான்.

பிறகு, மெஷின் ஓடும் நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பருத்திக்காட்டு ஊரில் பிறந்தவர். சர்ச்சில் பழகிய பியானோ. இருபது வயதுக்குள் ஒரு ரெக்கார்ட். பாரில், சலூனில் எங்கும் அதுதான். ஊர் ஊராகப் பஸ்ஸில் கச்சேரி. வாசிக்கும் ஹோட்டலில் கறுப்பர்களைத் தங்க விடமாட்டார்கள்; பஸ்ஸிலேயே தூக்கம். டிரம் வாசித்தவர் அவர் கணவர்.

ஓர் ஊரில் ஹாலின் நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், கறுப்பர்கள் மறு பக்கம். இவர் வாசித்த வேகத்தில் இரு பக்கமும் ஆடி, கயிறு காலடியில் போய்விட்டது. போலீஸ் தடியோடு நுழைந்தது. கணவருக்குத் தலையில் அடி. அந்த ஊர் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த ஊர் போவதற்குள் பஸ்ஸிலேயே உயிர் போனது.

"அப்புறம் நான் அந்தப் பாட்டைத் தொடல, பேபி." ரெக்கார்ட் கம்பெனி அதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வைத்துப் பாடவைத்தது. கைக்குழந்தை டெனிஸோடு இவர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனார்.

எத்தனையோ வருடம் கழித்து, நான் சென்டரில் இருந்தபோதுதான், பழைய ரெக்கார்ட் பிரியர்கள் சிலர் தேடிக் கண்டுபிடித்து, டாலஸில் கச்சேரிக்கு அழைத்தார்கள். சரி என்றுவிட்டார். ஆனால் அதற்குள் இடது கை ஜில்லிட்டு, விரல்கள் மரத்துப்போயின. டயாலிசிஸுக்காக அந்தக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். விரலுக்குப் போகவேண்டிய ரத்தம் அங்கேயே திரும்பிவிட்டது. வலது கைக்காரர்களுக்கு இடது கையில் தைப்பதுதான் வழக்கம். என்ன வேலை செய்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் பாட்டின் ஓட்டம் முழுவதும் இடது கையில் இருந்தது.

"இந்த இணைப்ப மூடினா கை சரியாயிடும். ஆனா டயாலிசிஸுக்குக் கழுத்துல டியூப் போடணும். இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா உயிருக்கே ரிஸ்க்" என்றார் டாக்டர்.

"மூடிடுங்க" என்றார் மிஸ் வெர்னா. என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். நர்ஸ் வேறென்ன சொல்வாள்? "நீ நல்ல பொண்ணு, பேபி" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

கை மெல்லச் சூடேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சின்ன சர்ச்சுக்கு என்னைக் கூப்பிட்டார். ஆராதனை முடிந்ததும் பியானோவில் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தொட்டார். இடது கை ரயில் மாதிரி ஓடியது. எனக்குச் சங்கீதம் தெரியாது, உட்காரத்தான் முடியவில்லை. வாசித்து முடித்ததும், டிரம் இருக்கவேண்டிய பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே குடை மாட்டும் ஸ்டாண்ட் இருந்தது.

அடுத்த வாரம் காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. டாலஸ் கச்சேரிக்கு முன்பே போய்விட்டார். அடக்கத்தன்று பியானோவைத் திறக்கவே டெனிஸ் விடவில்லை.

டெனிஸ் பின்னால் ஊரை விட்டே போனாள். சென்டரையும் மூடிவிட்டார்கள். சர்ச் இருந்த தெருவை ஃப்ரீவே நெடுஞ்சாலை விழுங்கிவிட்டது. பியானோ இருந்த இடத்தில் இப்போது மேலே ஏறும் ராம்ப். தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். கொஞ்சம் மெதுவாகப் போனாலே பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.